பன்னிரண்டு நிமிடச் செய்திக்கு ஐந்து மாலைகள்

பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு ஆராதனையில் செய்தி கொடுக்க என் பெயரை எழுதிவிட்டார்கள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய ஆள் நான். பிரசங்க பீடத்தில் அதுவரை ஏறியதே இல்லை, சனிக்கிழமை துடைப்பதற்குத் தவிர.

பகுதி: அப்போஸ்தலர் 8-ம் அதிகாரம், 26 முதல் 40 வரை. எருசலேமிலிருந்து ரதத்தில் திரும்பும் எத்தியோப்பிய மந்திரி ஏசாயா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தை வாசித்துக்கொண்டு வருகிறார், சுவிசேஷகர் பிலிப்பு ஓடிப்போய் அர்த்தம் சொல்கிறார். தெரிந்த கதைதானே என்று யூடியூபில் நாலு பிரசங்கம் கேட்டு ஒன்பது பக்கம் எழுதிவிட்டேன். இவ்வளவு பெரிய மந்திரியே ஒரு வழிப்போக்கரிடம் தாழ்மையாகக் கேட்டாரே, நாமும் தாழ்மையாயிருப்போம் என்பதுதான் சாரம். நடுவில் எத்தியோப்பியாவின் பஞ்சம், காப்பி என்று ஒரு பக்கம் வேறு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற உபதேசியார், அதாவது சபையில் வேதம் போதித்த ஊழியர், ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினால் 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை கிடைக்கும் என்றுதான் போனேன். தாள்களை வாங்கி, படிக்காமலே மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தார்.

"முதல்ல அதிகாரத்த வாசிம்மா. சத்தமா."

வாசித்தேன். "இன்னொரு தடவ." மூன்றாம் தடவை நடுவில் நிறுத்தினார். "அவன் ரதத்துக்குள்ள வாசிக்கிறது பிலிப்புக்கு எப்படிக் கேட்டுது?"

முழித்தேன். தனியாக இருந்தாலும் வாய்விட்டு வாசிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கமாம். இத்தனை வருஷம் எனக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை.

முதல் மாலை அவ்வளவுதான். இரண்டாம் மாலை என் காப்பிப் பக்கம் போயிற்று. இங்கே சொல்லும் எத்தியோப்பியா இன்றைய நாடு இல்லை, எகிப்துக்குத் தெற்கே, இப்போதைய சூடான் பக்கம் இருந்த கூஷ் ராஜ்யம். மந்திரியின் ராணியை வசனம் கந்தாகே என்கிறதே, அதுவும் பெயர் இல்லை, அந்த ராணிகளின் பட்டம். "இதைச் செய்தியில சொல்லவா ஐயா?" என்றேன் ஆசையாக. "வேண்டாம். தெரிஞ்சிருந்தா தப்பாச் சொல்ல மாட்ட, அதுக்குத்தான்."

மூன்றாம் மாலைதான் என் ஒன்பது பக்கமும் கவிழ்ந்தது. 'மந்திரி' என்ற சொல்லில் விரலை வைத்து, ஆங்கில பைபிளை என் பக்கம் திருப்பினார். அங்கே மந்திரி இல்லை. நம் பைபிளே மத்தேயு 19-ல் 'அண்ணகர்' என்று, பிள்ளை பெற முடியாத ஆண்களைச் சொல்கிறதே, அந்தச் சொல். கிரேக்கத்திலும் அதுதானாம். நாம் சபையில் வாசிப்பது 1871-ல் பவர் ஐயர் தலைமையிலான குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அவர்கள் ஏன் மந்திரி என்று போட்டார்களோ, மரியாதைக்காக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் அந்த மரியாதையில் கதையின் முள் மழுங்கிவிட்டது.

உபதேசியார் உபாகமம் 23-ஐ எடுக்கச் சொன்னார். விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது முதல் வசனம். அப்படியானால் எருசலேமுக்கு அத்தனை தூரம் பணிந்துகொள்ள வந்த அந்த மனுஷனை எதுவரை உள்ளே விட்டிருப்பார்கள்? பிறகு ஏசாயா. ரதத்தில் வாசித்தது 53-ம் அதிகாரம். அதே சுருளில் மூன்று அதிகாரம் தள்ளி, 56-ல், அண்ணகன் தன்னைப் 'பட்டமரமென்று சொல்லானாக' என்று வருகிறது. குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட மேலான இடமும் பேரும் அவனுக்குத் தருவதாக ஆண்டவர் சொல்கிறார்.

"இப்ப 36-ம் வசனம் வாசி."

"நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று வாசித்தேன். சும்மா தண்ணீரைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்று நினைத்திருந்தேன். தடை என்ற சொல் தொண்டையில் நின்றுவிட்டது.

நான் உச்சமாக வைத்திருந்தது, மந்திரி தன் விசுவாசத்தை அறிக்கையிடும் 37-ம் வசனத்தை. பழைய கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் அது இல்லை என்று சொல்லி, செய்தியை 36-லேயே முடிக்கச் சொன்னார். நாலாம் மாலை முழுக்க வெட்டு வேலை. ஒன்பது பக்கம் ஒன்றரையாயிற்று.

ஐந்தாம் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் நின்று பேசிக் காட்டினேன். முடித்ததும் கொஞ்ச நேரம் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பட்டமரம்னு சொல்லும்போது புஸ்தகத்தப் பார்த்துச் சொல்லு. ஆட்களப் பார்க்காத" என்றார்.

யாரை நினைத்துச் சொல்கிறார் என்று உடனே புரிந்தது. எங்கள் சபையில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. அந்தச் சொல்லை ஊரில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். என் ஒன்பது பக்கத்தில் இது எங்கேயும் இல்லை, யூடியூபிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கை நடுங்கியது. அந்த வசனம் வந்தபோது புஸ்தகத்தை மட்டும் பார்த்தேன். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா பக்கத்தில் வந்து, "ஏசாயா எத்தனைன்னு சொன்ன?" என்றார். காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில் 56 என்று எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் உபதேசியாரிடம் இதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். "பதினாலு நிமிஷம் பேசின" என்றார். "ரெண்டு நிமிஷம் கூடுதல்."