வெள்ளிக்கிழமை லாப்ரஸ்

2024 மே 4, சனி

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். வேலூரில் மே மாதத்தில் பரண் ஏறுகிறவனுக்குப் புத்தி சரியில்லை என்று அர்த்தம். பழைய டேபிள் ஃபேனைத் தேடப் போனேன், பிஸ்கட் டப்பாவுக்குள் என் பழைய கையடக்க வீடியோ கேம், கேம்பாய் கலர் கிடைத்தது. அதில் போக்கிமான் என்ற கற்பனைப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் ‘போக்கிமான் கோல்டு’ கேம் கேசட், மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. தங்க நிறம் அப்படியே இருக்கிறது.

இரண்டு பென்டார்ச் செல் போட்டதும் பாட்டு வந்தது. ஆனால் மெனுவில் சேவ் செய்த பழைய ஆட்டத்தைத் தொடரும் ‘கன்டினியூ’ இல்லை. ‘நியூ கேம்’தான் முதல் வரி.

மே 5, ஞாயிறு

இரவெல்லாம் அதைப் பற்றித்தான் படித்தேன். கேசட்டுக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, சிஆர் 2025. நாம் சேவ் செய்வதெல்லாம் அதன் தயவில்தான் நிற்கிறது. முந்தைய ரெட், ப்ளூ கேசட்டுகளிலும் இதே கதைதான். ஆனால் 1999இல் ஜப்பானில் வந்த கோல்டில் கூடுதலாக ஒரு கடிகாரமும் வைத்தார்கள். கேம்பாயை அணைத்து மூலையில் போட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நான் விட்டுவிட்டுப் போன பிறகும் பரணில் எத்தனை வருடம் அது கிழமை எண்ணிக்கொண்டிருந்ததோ!

மே 7, செவ்வாய்

லாங் பஜார் பக்கம் ஒரு டிவி மெக்கானிக்கிடம் காட்டினேன். “இன்னா தம்பி இது, ஸ்க்ரூவே வேற மாரி கீது?” என்றார். அப்புறம் பேனா மூடியை லைட்டரில் உருக்கி, ஸ்க்ரூ மேல் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினார். திறந்துகொண்டது! பழைய பேட்டரியைப் பிய்த்துப் புதியதைப் பத்தவைத்துக் கொடுத்தார். டீக்குத்தான் காசு வாங்கினார்.

மே 10, வெள்ளி

புதிதாகத் தொடங்கியதும் கேம் முதலில் மணி கேட்டது, அப்புறம் கேமுக்குள் இருக்கும் அம்மா கிழமை கேட்டார். வெள்ளி என்று அழுத்தியபோது கை நின்றுவிட்டது.

கேமில் வரும் ஜோட்டோ நாட்டில் யூனியன் குகை என்று ஒன்று. அதன் அடித்தளத்துத் தண்ணீரில் லாப்ரஸ் என்ற போக்கிமான் வரும், வெள்ளிக்கிழமை மட்டும். விட்டால் அடுத்த வெள்ளிதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டிலோ வெள்ளி சாயங்காலம் என்றால் கோட்டைக் கோவில். ஜலகண்டேஸ்வரர் முன்னால் அம்மா நின்றால் லேசில் நகர மாட்டாள். “என் சின்ன வயசுல இங்க சாமியே இல்லடா, 81லதான் கொண்டாந்து வெச்சாங்க” என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுவாள். பார்க்காத வருடங்களுக்கும் சேர்த்துக் கும்பிடுகிறாள் என்பது அப்பாவின் கணக்கு.

மூன்று வெள்ளி போனது. நாலாவது வெள்ளி கேம்பாயை டவுசர் பையில் போட்டுக்கொண்டு போனேன். அதன் திரைக்கு உள்ளிருந்து வெளிச்சம் கிடையாது, இருட்டினால் ஒன்றும் தெரியாது. அகழி ஓரம் ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில், கொசுக்கடியோடு, திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து விளையாடினேன். லெவல் 20 லாப்ரஸ். கடைசிப் பந்தில் விழுந்தது. சேவ் செய்து நிமிர்ந்தால் எதிரே அம்மா, கையில் குங்குமப் பொட்டலம். திட்டு விழும் என்று நினைத்தேன். நெற்றியில் வைத்துவிட்டு நடந்தாள்.

இறந்த பேட்டரியோடு போனது அந்த லாப்ரஸ். கேமில் உள்ள 251 போக்கிமான்களில் நான் பிடித்த மற்றவை போனதில் எனக்கு வருத்தமில்லை. என் ஹாண்டர் என்ற போக்கிமான்கூடக் கடைசிவரை அதன் அடுத்த வடிவமான கெங்கார் ஆகவில்லை. இன்னொருவரோடு கேபிள் போட்டு மாற்றினால்தான் ஆகும். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கேம்பாய் இல்லை.

மே 19, ஞாயிறு

கேமில் ஜெயித்து இதுவரை இரண்டு பேட்ஜ். கேமில் இருக்கும் அம்மாவிடம் பணம் சேர்த்துவைக்கச் சொன்னால், அதிலேயே நமக்குப் பொம்மை வாங்கிவிட்டு போன் பண்ணிச் சொல்கிறார். சீட்டுப் பணத்தில் குக்கர் வாங்கிவிட்டு அப்பாவிடம் அப்புறம் சொல்கிறவள் என் அம்மா.

மே 31, வெள்ளி

அக்னி முடிந்தும் சூடு குறையவில்லை. நேற்று நாலாவது பேட்ஜ் கிடைத்தது, இனி கேமில் தண்ணீரில் போகலாம், லாப்ரஸைத் தேடலாம். சாயங்காலம் அம்மாவிடம், “கோட்டைக்குப் போலாமாம்மா?” என்றேன். முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “கோவிலுக்கா, கம்பத்துக்கா?”