பேட் 3 மி.மீ. வந்தால் மாற்றலாம், ஆனால் எந்தப் பேடை அளந்தீர்கள்?

பிரேக் பேட் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கேட்டால் யாராலும் ஒரே எண் சொல்ல முடியாது. சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் சென்னை ஓட்டத்தில் 25,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடக்கூடிய பேட், நாற்கரச் சாலையில் ஓடும் அதே மாடல் காரில் 60,000 தாண்டியும் இருக்கலாம். ஓடோமீட்டரை விட்டுவிட்டுத் தடிமனைப் பாருங்கள்.

புதுப் பேடில் உராயும் பகுதி, அதாவது லைனிங், பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. இருக்கும். அதன் முதுகில் உள்ள இரும்புத் தகடு தனியாக ஐந்து மி.மீ. அளவுக்கு வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "இன்னும் பாதி இருக்கே" என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். கணக்கில் வருவது லைனிங் மட்டும்தான். அது 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழேயும் பிரேக் பிடிக்கும். ஆனால் லைனிங் மெலிய மெலிய, வீலோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கின் சூடு, பேடை அதன் மேல் அழுத்தும் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் அதிகமாகப் போகும். மிச்சப்படுத்திய ஒரு மி.மீ.க்கு டிஸ்க்கையே விலையாகக் கொடுக்க நேரும்.

4 மி.மீ. இருந்தால்தான் குழப்பம். இங்கே தேய்மான வேகத்தைக் கணக்குப் போடுங்கள். 10 மி.மீ. பேட் 36,000 கிலோமீட்டரில் 4 ஆகியிருந்தால், ஒரு மி.மீ.க்கு 6,000 கிலோமீட்டர். அடுத்த சர்வீஸ் 10,000 கிலோமீட்டர் தள்ளி என்றால் அதற்குள் 2.3-க்கு இறங்கிவிடும். அப்படியானால் இப்போதே மாற்றுவதுதான் சரி. ஒவ்வொரு சர்வீஸிலும் அளவைக் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கினால் இந்தக் கணக்கு சுலபம்.

அலாய் வீல் இடுக்கில் டார்ச் அடித்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. சின்னக் கார்களில் பிஸ்டன் உள்பக்கம் இருக்கும். பேடுகளைத் தாங்கும் கவ்வியான காலிப்பர், கைடு பின் என்ற கம்பியில் நகர்ந்துதான் வெளிப் பேடை அழுத்தும். பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் காலிப்பர் நகராது, உள் பேட் மட்டும் தேயும். வெளியே 6 மி.மீ., உள்ளே வெறும் தகடு என்ற நிலை அபூர்வமல்ல. வீலைக் கழற்றி நான்கு பேடையும் பாருங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின்னைச் சுத்தம் செய்யாமல், பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் போடாமல் புதுப் பேட் மாட்டுவது வீண். சாதாரண கிரீஸ் வேண்டாம், பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) ஊதிவிடும்.

சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சில பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். லைனிங் ஏறக்குறைய 2 மி.மீ. ஆகும்போது அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். மலிவுப் பேடுகளில் பல நேரம் அந்த நாக்கே இருக்காது. மழை பெய்த மறுநாள் காலை வரும் கரகரப்பு டிஸ்க்கின் மேல்துரு, நாலு பிரேக்கில் போய்விடும். "கர்ர்ர்" என்று இரும்போடு இரும்பு அரைத்தால் மட்டும் வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

பிரேக் ஆயில் மட்டம் மெதுவாக இறங்குவதும் தேய்மானத்தின் அடையாளம். பேட் மெலியும்போது பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. அதைப் பார்த்து டாப் அப் செய்துவிட்டால், புதுப் பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும். பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும். (மட்டம் திடீரென்று இறங்கினால் அது கசிவு, பேட் விஷயமல்ல.)

மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில்தான். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் பிடித்துப் பயனில்லை, புதிதுதான். பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, வலம் இடம் இரண்டும் சேர்த்துத்தான். பின் வீலிலும் டிஸ்க் இருந்து ஹேண்ட் பிரேக் காலிப்பரிலேயே சேர்ந்திருந்தால், அந்தப் பிஸ்டனைப் பெரும்பாலும் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உடைந்துவிடும்.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்திப் பழக, காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, நிற்கவிடாமல், மிதமாக இருபது முறையாவது குறையுங்கள். நடுவில் ஆறவும் விடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் திட்டம் இருந்தால், பேடை முந்தின நாள் மாற்றாமல் ஒரு வாரம் முன்பே மாற்றி ஓட்டிப் பழக்கிவிடுங்கள்.