தோப்புக் கிணறும் 380 மீட்டரும்: ரேடியோ மாட்யூல் தேடிய கதை

அப்பா விடியற்காலை நான்கரைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போவார். மோட்டாரைப் போட அங்கே போக வேண்டியதில்லை. மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டி இரண்டு வருடமாகிறது, கட்டிலில் இருந்தபடியே போடலாம். ஆனால் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று ஸ்டார்ட்டர் சொல்லாது. எங்களுடையது ஓப்பன்வெல் சப்மெர்சிபிள். தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டிய மோட்டார். உடம்பு வெளியே தெரிய ஓடினால் சூடேறி காயில் போய்விடும். ரீவைண்டிங் செலவு ஒரு பக்கம், கோடையில் நான்கு நாள் பாசனம் நின்றால் குரும்பை உதிரும், அது இன்னொரு பக்கம். அதனால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். ஒருநாள் வாய்க்கால் ஓரம் கட்டுவிரியன் கிடந்தது என்று சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்கே முடிவு செய்தேன், கிணற்று மட்டம் வீட்டில் தெரிந்தாக வேண்டும்.

சென்சார் பக்கம் சுலபம். ஒரு பிவிசி குழாயில் நான்கு உயரங்களில் நான்கு ஃபுளோட் சுவிட்ச் கட்டி கிணற்றுக்குள் இறக்கினேன். கஷ்டம் முழுக்க அந்த நான்கு சுவிட்சின் நிலையை 380 மீட்டர் தாண்டி வீட்டுக்குக் கொண்டு வருவதில் இருந்தது. நடுவில் முழுக்கத் தென்னை. வீட்டு வைஃபை மாட்டுக் கொட்டகையைத் தாண்டாது. ஜிஎஸ்எம் மாட்யூல் என்றால் இன்னொரு சிம், இன்னொரு ரீசார்ஜ். அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், சின்ன பேட்டரி தாங்காது. எனவே சொந்தமாக ஒரு ரேடியோ இணைப்புதான் வழி.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்குவதுதான்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் அனுப்பியும் வாங்கியும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் ஜோடி. மேசை மேல் அருமையாக வேலை செய்தது. மொட்டை மாடிக்குப் போனதும் குப்பை எழுத்துகள். அந்த வாங்கி சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை. சிக்னல் இல்லாதபோது தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போய், காற்றில் உள்ள இரைச்சலையெல்லாம் 0, 1 என்று கொட்டும். வாங்கியை மட்டும் சூப்பர்ஹெட்டரோடைன் வகைக்கு மாற்றினால் நிலைமை நன்றாகவே தேறும், மாற்றியும் பார்த்தேன். ஆனாலும் போய்ச் சேர்ந்ததா என்று அனுப்புபவனுக்குத் தெரிய வழியில்லை. காலிங் பெல்லுக்குப் போதும், கிணற்றுக்குப் போதாது. அதை அங்கேயே விட்டேன்.

அடுத்து என்ஆர்எஃப்24எல்01. இதில் இரண்டு மாதம் போனது. ஆனால் ரேடியோ பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை இதுதான் கற்றுக்கொடுத்தது.

காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான சிப். 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒரு செய்திக்கு 32 பைட், வந்து சேர்ந்தது என்று தானே பதில் அனுப்பும், பதில் வராவிட்டால் 15 தடவை வரை தானே மறுபடி முயலும். விலையும் நூறு ரூபாய் சுற்றி. கையில் வந்தபோது ஒரு நாள் பேசும், மறுநாள் பேசாது. நிரலை மாற்றிப் பார்த்தேன், லைப்ரரியை மாற்றினேன், பிரெட்போர்டை மாற்றினேன். கடைசியில் கோளாறு சப்ளையில் இருந்தது. அனுப்பும் கணத்தில் மாட்யூல் திடீரென்று கரண்ட் கேட்கும், நீளமான ஜம்பர் வயர் வழியாக அது உடனே வந்து சேராது, மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், சிப் குழம்பிவிடும். மாட்யூலின் சப்ளை, கிரவுண்டு இரண்டு கால்களுக்கும் நேராக ஒரு 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரைச் சால்டர் செய்தேன். இரண்டு ரூபாய் பொருள். நாலாவது அறை வரைக்கும் ஒரு செய்தி கூடத் தவறாமல் போனது. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தோப்புக்கு அது எட்டாது என்பதால் ஆன்டெனா வைத்த, பவர் ஆம்ப்ளிஃபையர் உள்ள வகையை வாங்கினேன். அது 100 மில்லியம்பியருக்கு மேல் கேட்கும். நிரல் ஓடும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் 3.3 வோல்ட் பின் 50 மில்லியம்பியர்தான் தரும். தனி ரெகுலேட்டர் வைத்தேன். வாங்கிய ஐந்தில் மூன்று தங்களுக்குள் பேசின, இரண்டு பேசவில்லை. வேகத்தை நொடிக்கு 250 கிலோபிட்டாகக் குறைத்தால்தான் தூரம் கூடும், அந்த இரண்டும் அந்த வேகத்தில் ஊமையாகிவிட்டன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சிப் மேல் இருந்த எழுத்தே மற்ற மூன்றைப் போல இல்லை. சந்தையில் இந்த சிப்புக்கு நகல் ஏராளம். அதற்குப் பிறகு எந்த மாட்யூலாக இருந்தாலும் ஒன்று அதிகமாகவே வாங்குகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மேசையில் ஒன்றோடொன்று பேசவிட்டுப் பார்த்துவிடுகிறேன்.

தேறிய மூன்றும்கூடத் தோப்பில் 120 மீட்டரில் தடுமாறின. மழை பெய்த மறுநாள் அதுவும் குறைந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஈர ஓலை பெரிய தடை. இனி இதே அலைவரிசையில் பணம் போடுவதில் அர்த்தமில்லை என்று புரிந்தது.

இந்த இடத்தில்தான் லோராவுக்கு வந்தேன், குறைந்த மின்சாரத்தில் வெகு தூரம் அனுப்பும் ரேடியோ முறை. பிரான்சின் கிரெனோபில் நகரில் சைக்ளியோ என்ற சின்ன நிறுவனம் உருவாக்கியது. 2012-ல் செம்டெக் நிறுவனம் அதை வாங்கியது. தரவை மெதுவாக, அலைவரிசை முழுக்கச் சறுக்கிச் செல்லும் கீச்சொலி போன்ற துடிப்புகளாக அனுப்புவதால், இரைச்சலுக்குக் கீழே அமிழ்ந்திருக்கும் சிக்னலைக் கூட வாங்கி பிரித்தெடுத்துவிடும். நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது எஸ்எக்ஸ்1278 சிப் வைத்த 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல். விலையும் கம்மி. கூடையில் போட்டுவிட்டேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம் வந்து விதிகளைத் தேடிப் படித்தேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்த மாதிரி வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தக்கூடியது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. அனுப்பும் திறன் 1 வாட் வரை அனுமதி. 433 பக்கம் உள்ள அனுமதியோ 10 மில்லிவாட் அளவில் நின்றுவிடுகிறது. கடையில் 'ஒரு கிலோமீட்டர் எட்டும்' என்று விற்கும் ஹெச்சி-12 (HC-12) மாட்யூல் 100 மில்லிவாட்டில் அனுப்பக்கூடியது. இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. காற்று எல்லோருக்கும் பொது. அடுத்த தோட்டத்துக்காரரின் ரிமோட்டை நான் அமுக்கிவிடக் கூடாது. 433-ஐக் கூடையிலிருந்து எடுத்துவிட்டு, எஸ்எக்ஸ்1276 குடும்பத்தைச் சேர்ந்த ஆர்எஃப்எம்95 மாட்யூல், 868 வகை, மூன்று வாங்கினேன். அது 866-க்கு நன்றாகவே ஒத்துவரும். ஒன்று அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். என்ஆர்எஃப்-ஐ விட ஆறு மடங்கு. ஆனால் தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்த நடையைக் கணக்குப் போட்டால் இதுதான் மலிவு.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். இது 3.3 வோல்ட் பொருள். சிக்னல் கால்களும் அப்படித்தான். 5 வோல்ட் ஊனோவில் நேராக மாட்டினால் மாட்யூல் போய்விடும். நான் 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ப்ரோ மினி என்ற சின்ன ஆர்டுயினோ போர்டை எடுத்துக்கொண்டேன். கால்களின் இடைவெளி 2 மில்லிமீட்டர் என்பதால் பிரெட்போர்டில் உட்காராது, அடாப்டர் போர்டும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். உதாரண நிரல்களில் பெரும்பாலும் அமெரிக்காவுக்கான 915 என்று இருக்கும், அதை 866 என்று மாற்றாமல் ஒரு செய்தி கூட அனுப்பாதீர்கள். சால்டர் செய்து முடித்ததும் முதல் வேலையாக, சிப்பின் பதிப்பு எண் இருக்கும் ஹெக்ஸ் 42 (பதினாறடிமான எண், 0x42) ரெஜிஸ்டரைப் படித்துப் பாருங்கள், ஹெக்ஸ் 12 என்று வர வேண்டும். வேறு எதுவும் வந்தால் வயரிங்கிலோ சால்டரிலோ தப்பு இருக்கிறது, நிரலைத் திட்டிப் பயனில்லை. ஆன்டெனா இல்லாமல் முழுத் திறனில் அனுப்பவே கூடாது, வெளியே போக வேண்டிய சக்தி திரும்பி வந்து சிப்பையே பதம் பார்க்கும்.

ஆன்டெனா என்றதும் ஒரு வாரம் வீணானது நினைவுக்கு வருகிறது. ஆன்டெனாவை ஒரு கடையிலும் கனெக்டரை இன்னொரு கடையிலும் வாங்கினேன். மரை சரியாகப் பொருந்தியது, இறுக்கமாகவும் இருந்தது. ஆனால் 15 மீட்டர் தாண்டவில்லை. ஒன்று எஸ்எம்ஏ, மற்றது ஆர்பி-எஸ்எம்ஏ: மரை ஒன்றே, நடுவில் ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும். கழற்றி நடுவில் பார்த்தால் இரண்டு பக்கமும் துளை, ஊசியே இல்லை. வெளி வளையம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு 8.2 சென்டிமீட்டர் நீளத்தில் ஒற்றைக் கம்பிச் செப்பு வயரை நேராக நிமிர்த்திச் சால்டர் செய்தேன். அலைநீளத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைக்கும் கிணற்று மேட்டில் அந்தக் கம்பிதான் நிற்கிறது.

பிறகு நடைச் சோதனை. ஒவ்வொரு செய்தியிலும் வரிசை எண் போட்டு, கிணற்றிலிருந்து 200 செய்தி அனுப்பி, வீட்டில் எத்தனை வந்தது என்று எண்ணினேன். முதலில் மாட்யூலை மோட்டார் ரூமுக்குள் வைத்தேன். தகரக் கூரை பாதியை விழுங்கிவிட்டது. வெளியே, கிணற்றுச் சுவருக்கு மேல் ஆளுயரத்தில், கம்பி செங்குத்தாக நிற்கும்படி கட்டினேன். தென்னையில் ஓலையெல்லாம் மேலே, கீழே வெறும் மரம்தான் என்பதால் ஆளுயரத்தில் சிக்னலுக்கு வழி கிடைக்கிறது. லோராவில் பரவல் காரணி (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்) என்று ஒரு எண் உண்டு, அதைக் கூட்டினால் செய்தி மெதுவாகும், தூரம் கூடும். அது 7-ல் 193 வந்தது, 9-ல் 199. ஒரேயடியாக 12 வைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். 10 பைட் செய்தி 7-ல் 41 மில்லி நொடியில் முடியும், 9-ல் 144, 12-ல் கிட்டத்தட்ட ஒரு முழு நொடி. அந்த நேரம் முழுக்க ரேடியோ 90 மில்லியம்பியர் அளவில் இழுக்கும், காற்றையும் அடைத்துக்கொண்டிருக்கும். 9 போதும்.

பேட்டரிக்கு ஒரே ஒரு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், 1500 மில்லியம்பியர் மணி. முழு சார்ஜில் 3.6 வோல்ட் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் நேராகக் கொடுக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, படித்து, அனுப்பிவிட்டுத் தூங்கும். வருடக்கணக்கில் வர வேண்டும். ஒரே மாதத்தில் செத்தது.

அன்று நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுத் திரையில் 'நான்காம் மட்டம்' என்று பளிச்சென்று இருந்தது. அப்பா அதை நம்பி போனில் மோட்டாரைப் போட்டார். உண்மையில் முந்தைய நாள் மாலையே பேட்டரி இறங்கிவிட்டது. கடைசியாக வந்த செய்தியைத் திரை பிடித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் கீழே போய், ஸ்டார்ட்டரின் பாதுகாப்பு ரிலே விழுந்ததால் மோட்டார் பிழைத்தது. அப்பா கோபப்படவில்லை. "ஏஞ்சாமி, இதுல காட்டற தண்ணியும் கெணத்துல இருக்கற தண்ணியும் ஒண்ணுதானா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்கப்பா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

பேட்டரியைத் தின்றது ப்ரோ மினியின் பவர் எல்இடி. மல்டிமீட்டரில் பார்த்தால், தூங்கும்போது கூட 2 மில்லியம்பியர். அந்தக் குட்டிச் சிவப்பு விளக்கையும் ரெகுலேட்டரையும் போர்டிலிருந்து எடுத்துவிட்டேன், 6 மைக்ரோஆம்பியருக்கு இறங்கியது. ஆனால் பெரிய தப்பு திரையில் இருந்தது. இப்போது மட்டத்துக்குப் பக்கத்திலேயே 'எத்தனை நிமிடத்துக்கு முன்' என்று பெரிய எழுத்தில் வரும். 30 நிமிடம் செய்தி வராவிட்டால் மட்டம் அழிந்து வெறும் கோடு மட்டும் நிற்கும், பஸ்ஸர் அடிக்கும். ஒவ்வொரு செய்தியோடும் பேட்டரி வோல்டேஜும் வருகிறது. கிணற்றுப் பக்கம், பதில் வராவிட்டால் மூன்று தடவை மறுபடி அனுப்பும்.

ஒரு சின்ன விஷயம்: பெட்டியின் வயர் துளையைச் சிலிக்கோன் வைத்து அடைக்க மறந்தேன், பதினைந்தே நாளில் உள்ளே எறும்புக் கூடு. அடைத்து விடுங்கள்.

பதினொரு மாதமாக ஓடுகிறது. செல் 3.2-க்குக் கீழே இறங்கவில்லை. அப்பா இப்போதும் நான்கரைக்கு எழுந்துவிடுகிறார், பழக்கம். திரையைப் பார்க்கிறார், நிமிடத்தைப் பார்க்கிறார், டீ போட்டுக் குடித்த பிறகு மோட்டாரைப் போடுகிறார். மூன்றாவது மாட்யூல் மேசையில் சும்மா இருக்கிறது. பெரியப்பா வீட்டுக் கிணறு 600 மீட்டர், நடுவில் ஒரு செங்கல் சூளை. வரும் ஞாயிற்றுக்கிழமை 200 செய்தி எண்ணப் போகிறேன்.