கொஞ்சம் பொறுங்கள்

செவிலியர் வெளியே போகும்வரை அந்த நோயாளி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், பல வருடச் சர்க்கரை. கதவு சாத்தியதும் மெதுவாகச் சொன்னார்: “நரம்பு சுருண்டுடுச்சு சார்.”

சுருண்டது நரம்பு இல்லை. ஆணுறுப்பின் உட்புற உறையில் தழும்பு விழுந்து கெட்டியாகிவிடும். விறைக்கும்போது அந்த இடம் மட்டும் விரியாது, அதனால் உறுப்பு அந்தப் பக்கமாக வளைந்துவிடும். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவர் பெரோனி 1743-லேயே விவரித்த நோய் இது. “புற்றுநோய் இல்லை” என்றதும் அவர் முகம் தெளிந்தது. ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டிருக்கிறார், பாவம். யாரிடம் கேட்பார்?

உடனே ஆபரேஷன் வேண்டும் என்றார். ஆனால் வலி இன்னும் இருந்தது. அப்படியென்றால் தழும்பு இன்னும் அடங்கவில்லை. வலி போய், வளைவு மூன்று மாதமாவது மாறாமல் நின்ற பிறகுதான் கத்தியை எடுக்கலாம். அதுவரை வலிக்கு மாத்திரை. முன்பெல்லாம் வைட்டமின் ஈ எழுதித் தருவேன். அதனால் வளைவு குறைவதில்லை என்று தெரிந்த பின் விட்டுவிட்டேன். தழும்பைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. குறைந்தது 30 டிகிரி வளைவு இருப்பவர்களுக்கு. அதுவும் வளைவைக் குறைக்குமே தவிர, எல்லோருக்கும் நேராக்கிவிடாது.

என் ஆரம்ப காலத்தில் ஒருவருக்குத் தையல் போட்டு நேராக்கினேன். அடியில் ரப்பர் குழாய் கட்டி, உப்புநீர் ஏற்றி விறைக்க வைத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் கரையாத நூலால் ஒவ்வொரு முடிச்சாக இறுக்க வேண்டும். கண்ணெதிரே நிமிரும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தையலைக் காட்ட வந்தபோது அவர் தலை குனிந்தபடி, “சின்னதாயிடுச்சே சார்” என்றார். நீளமான பக்கத்தைச் சுருக்கித்தான் நேராக்குகிறோம். நீளம் குறையத்தான் செய்யும். அதை அவரிடம் நான் ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் எல்லோருக்கும் ஸ்கேல் வைத்து, அவர்கள் பார்க்கவே அளந்து குறித்துக்கொள்கிறேன். வளைவு 60 டிகிரியைத் தாண்டினால் தழும்பைக் கீறி ஒட்டுத் திசு வைக்கலாம். நீளம் அவ்வளவு குறையாது, ஆனால் விறைப்பு தளரும் அபாயம் கூடும். விறைப்பே சரியாக இல்லை, மாத்திரையும் கேட்கவில்லை என்றால் உள்ளே செயற்கை உறுப்புக் கருவி வைப்பதுதான் வழி.

சர்க்கரைக்காரர் எட்டு மாதம் கழித்து வந்தார். வலி இல்லை. வீட்டில் எடுத்த படங்களைப் போனில் காட்டினார். நான்கு மாதமாக அதே 45 டிகிரி. கூடவே மனைவியும் வந்திருந்தார். ஸ்கேலை எடுத்தேன். நீளம் குறையும் என்பதை இருவரிடமும் சொன்னேன். “தெரிஞ்சுதான் வந்திருக்கோம் டாக்டர்” என்றார் அந்த அம்மா.