ஏழெட்டு வருடம்

2025 ஜூலை 8, மதுரை
அக்காவின் மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் ரத்து செய்துவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு முதல் கீமோ முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2019 ஜூனில் எடுத்த பாலிசி. ஒரு வருடம்கூடப் புதுப்பிக்கத் தவறியதில்லை. பாலிசி எடுக்கும்போதே இருந்த ரத்த அழுத்தத்தை அக்கா மறைத்தாராம், அதனால் பாலிசி தொடக்கத்திலிருந்தே செல்லாதாம். கட்டிய பிரீமியமும் திரும்பாது.

ஜூலை 9
இரண்டாவது கீமோ. வளையலை அடகு வைத்துக் கட்டினோம். கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சேர்த்த இரவில் பயிற்சி மருத்துவர் எழுதிய ஒரு வரி: ரத்த அழுத்தம், 8 ஆண்டுகள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பிரஷர் எவ்வளவு நாளாக இருக்கிறது அம்மா?" என்று கேட்டார். அக்கா வலியில் கண்ணை மூடியபடி, "இருக்கும், ஏழெட்டு வருடம்" என்றாள். அந்த வாய்க்கணக்குதான் இன்று எங்கள் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

ஜூலை 11
தூக்கம் வரவில்லை. ஆறு வருடம் பணம் வாங்கியவர்கள் ஒருநாளும் விசாரிக்கவில்லை. பில் போனதும் துருவுகிறார்கள். அமெரிக்காவிலும் இதுவே நடந்திருக்கிறது. மூன்று நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகளில் சுமார் 20,000 பாலிசிகளை ரத்து செய்து 30 கோடி டாலருக்குமேல் மிச்சம் பிடித்ததை 2009-இல் நாடாளுமன்றக் குழு வெளிக்கொண்டுவந்தது. வேண்டுமென்றே ஏமாற்றியவர்களைத் தவிர மற்றவர்களை இனி விட்டுவிடுவீர்களா என்று கேட்டதற்கு, அந்த நிறுவனங்களின் மூன்று அதிகாரிகளும் முடியாது என்றார்கள். படித்ததும் உடம்பு பதறியது.

ஜூலை 13
அலமாரியில் நகைக்கடைப் பை நிறையத் தெருமுனை டாக்டரின் சீட்டுகள். பிரஷர் மாத்திரை முதலில் எழுதிய நாள் 14.2.2020. பாலிசி எடுத்து எட்டு மாதம் கழித்து! போதாதற்கு, 60 மாதம் தொடர்ந்த பாலிசியை, மோசடி நிரூபணமானாலொழிய, மறைத்ததாகச் சொல்லி மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையம் 2024-இல் விதித்திருக்கிறது. எங்களுக்கு 72 மாதம் தாண்டிவிட்டது.
அக்கா சீட்டை வாங்கிப் பார்த்து, "நான்தான் தவறாகச் சொல்லிக் கெடுத்துவிட்டேனா தம்பி?" என்று அழுதாள்.

ஜூலை 14
நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபால். அவர்களுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. கீமோவோ 21 நாளுக்கு ஒருமுறை.

ஜூலை 30
மூன்றாவது கீமோ. இந்த முறை என் பி.எஃப். பணம்.

ஆகஸ்ட் 18
பதில் இல்லை. நிறுவனத்துக்கு வெளியே, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மன்) மனு எழுதினேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அக்கா கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். மருந்தில் விரல்கள் மரத்துப்போய்ப் பேனா இரண்டு முறை நழுவியது. போட்டு முடித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தாள்.
"பாலிசியில் போட்ட கையெழுத்து மாதிரி இல்லையே. இதையும் பிடித்துக்கொள்வார்களோ?"