திட்டம் தேடினால் தோட்டம் வந்தது

என் குறிப்பேட்டுச் செயலியின் புதிய பதிப்பில் நான் முதலில் தேடிய சொல் 'திட்டம்'. வந்த முடிவுகளில் மூன்றாவது, 'தோட்டம்' என்று போடுவதா 'பாத்தி' என்று போடுவதா என்று என்றோ நானே குழம்பி எழுதிவைத்த ஒரு குறிப்பு. சொட்டுநீர்க் கருவி ஒன்றின் கையேட்டுக்காக எழுதியது. மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தேன். 'திட்டம்' அதில் எங்கேயும் இல்லை. சிரித்துக்கொண்டே மூடிவிட்டேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கையேடுகளை மொழிபெயர்ப்பது என் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எழுதுகிற வேலை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், பாதிக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலை. எந்த வாடிக்கையாளருக்கு எந்தச் சொல் என்பதைக் கலைச்சொல் பட்டியல் சொல்லிவிடும். ஏன் அந்தச் சொல், எதை வைத்துப் பார்த்துத் தள்ளினோம், யார் கேட்டு மாற்றினோம் என்பதெல்லாம் பட்டியலில் இருக்காது. அதற்காகத்தான் அந்தக் குறிப்பேட்டுச் செயலியில் பதினோரு ஆண்டுகளாக எழுதிவருகிறேன். ஆறாயிரத்துச் சொச்சம் குறிப்புகள். சிலது ஒரே வரி. சிலது, இப்போது படித்தால், அன்றைக்கு யார்மேலோ இருந்த கோபத்தில் எழுதியது.

பழைய பதிப்பில் தேடுவது மெதுவாக நடக்கும். சொல்லைக் கொடுத்தால் எல்லாக் குறிப்புகளையும் எழுத்தெழுத்தாக ஓட்டிப் பார்க்கும். எட்டு, ஒன்பது வினாடி ஆகும். ஆனால் அதற்கு ஏற்ற மாதிரி என் கை பழகியிருந்தது. 'ஒப்பந்தம்' என்று முழுதாக அடிக்க மாட்டேன். 'ஒப்பந்த' என்று வாலை வெட்டி அடிப்பேன். ஒப்பந்தம், ஒப்பந்தத்தை, ஒப்பந்தங்களில் எல்லாம் அதில் சிக்கும். எங்கள் குழுவில் எல்லோரும் இப்படித்தான் தேடுவோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

புதிய பதிப்பு அடித்து முடிப்பதற்குள் முடிவுகளைக் காட்டிவிடும். கைப்பேசியிலும் கணினியிலும் ஒன்றாக ஓடும். குறிப்புக்குள் அட்டவணை போடலாம். பூட்டி வைக்கலாம். இவற்றுக்காகவெல்லாம் நான் அவசரப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவித்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் கோப்பைத் தொடும் கணினியில் திருத்தம் நின்றுபோன மென்பொருள் இருக்கக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தங்களில் இருக்கிற விதி. இன்னொன்றும் உண்டு. ஒருமுறை மாறினால் தரவின் அமைப்பே மாறிவிடும், திரும்பி வர வழி கிடையாது. குழுவில் மற்றவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாறிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மடிக்கணினியில் ஒரு நகலை வைத்துப் புதியதை ஓட்டிப் பார்த்துக்கொண்டு, மேசைக் கணினியில் பழையதையே வைத்திருந்தேன்.

அந்த மடிக்கணினியில் இருந்த ஒரு நாளில்தான் மாட்டிக்கொண்டேன். மென்பொருள் கையேடு ஒன்றில் ஓரிடத்தில் 'அங்கீகாரம்' என்றும், இன்னோரிடத்தில் 'அனுமதி' என்றும் போட்டிருந்தோம். இரண்டும் ஒன்றுதானே, ஏன் இரண்டு சொல் என்று வாடிக்கையாளர் தரப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 'அங்கீகார' என்று தேடினேன். முடிவுகள் இல்லை. இதைப்பற்றி முன்பு எதுவும் தீர்மானிக்கவில்லை என்று பதில் அனுப்பிவிட்டு, கோப்பு முழுக்க 'அனுமதி' என்று மாற்றினேன். மறுநாள் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏங்க, ஆத்தரைசேஷனுக்கும் பெர்மிஷனுக்கும் வேறவேற சொல் வேணும்னு அவங்களே கேட்டாங்களே, ஞாபகம் இல்லையா?" பழைய பதிப்பைத் திறந்து அதே 'அங்கீகார'வைத் தேடினேன். ஒன்பது வினாடியில் நான்கு குறிப்புகள். ஒன்றில், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நானே எழுதியது: 'அங்கீகாரத்தை எக்காரணம் கொண்டும் அனுமதி என்று மாற்றக்கூடாது.'

நாற்பது பக்கத்தைத் திரும்ப மாற்றினேன். அது பெரிதில்லை. 'முன்பு தீர்மானிக்கவில்லை' என்று உறுதியாக எழுதி அனுப்பினேனே, அதுதான் உறுத்தியது. தேடல் மெதுவாக இருந்தால் காத்திருக்கலாம். தேவையில்லாததைக் கொண்டுவந்து கொட்டினால் தள்ளிவிட்டுப் பார்க்கலாம். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? நாம் அதோடு தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

அப்புறம்தான் இது ஏன் நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். புதிய பதிப்பு இன்டெக்ஸ் வைத்துத் தேடுகிறது. இன்டெக்ஸ் என்பது நமக்குப் பழக்கமான சொல்லடைவுதான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வது. தேடும்போது நூலைப் புரட்டாமல் அடைவை மட்டும் புரட்டுவதால்தான் அவ்வளவு வேகம். ஆனால் அடைவு தயாரிக்க, ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவேண்டும். தமிழில் மென்பொருள்கள் சறுக்குகிற இடம் அதுதான்.

கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'தி' என்பது ஒரு குறியீடு அல்ல. 'த' ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'த' எழுத்து என்ற வகையில் சேரும். இகரக் குறியும் கொம்பும் காலும் புள்ளியும் 'குறி' என்ற வகையில் சேரும். பல செயலிகள் தரவை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்க்யூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்று ஒரு தேடல் பகுதி உண்டு. வேறெதுவும் சொல்லாவிட்டால் அது எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்கு இடைவெளி மாதிரி. இதை அவர்கள் ஒளிக்கவில்லை, விளக்க ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். குறிகளையும் சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரி சொன்னால் கேட்டுக்கொள்ளும். என் செயலியைச் செய்தவர்கள் அந்த வரியை எழுதவில்லை. ஆங்கிலத்தில் சோதித்தவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அப்படி உடைத்தால் 'திட்டம்' என்பது த, ட, டம என்று மூன்று துண்டு. 'தோட்டம்' என்பதும் த, ட, டம. ஆக, அடைவைப் பொறுத்தவரை திட்டமும் தோட்டமும் ஒன்று. 'பூட்டு', 'பெட்டி', 'பாட்டி' மூன்றும் ப, ட, ட. மென்பொருள் கையேடு மொழிபெயர்ப்பவருக்குப் பூட்டும் பெட்டியும் நாள்தோறும் வேண்டிய சொற்கள். பாட்டி எப்போதாவதுதான் வருவார்.

'அங்கீகார' காணாமல் போனதற்கும் இதே காரணம்தான். அதன் கடைசித் துண்டு 'ர'. 'அங்கீகாரத்தை' என்பதில் அந்த இடத்தில் இருக்கும் துண்டு 'ரத'. 'அங்கீகாரம்' என்பதில் 'ரம'. அடைவுக்கு இவை வேறு வேறு. வாலை வெட்டித் தேடும் என் பதினோரு ஆண்டுப் பழக்கம் இங்கே செல்லாக்காசு. குறிகளைச் சரியாகச் சேர்த்திருந்தாலும் 'அங்கீகார' கிடைத்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும். முழுச்சொல்லை மட்டும் பொருத்திப் பார்த்தால் அரைச்சொல் எப்படிக் கிடைக்கும்? மனிதர் தொகுக்கும் சொல்லடைவில் 'மரத்தை' என்பதை 'மரம்' என்ற தலைப்பின்கீழ் கொண்டுபோய் வைப்பார். இயந்திரத்துக்கு யாராவது அதைச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் மும்மூன்று குறியீடாக நறுக்கி அடைவு போடலாம். எஸ்க்யூலைட்டில் 2020 முதல் அந்த வசதியும் இருக்கிறது. வாலில்லாச் சொல்லும் அதில் சிக்கும். ஆனால் அடைவு பெருத்துப்போகும். 'பை' மாதிரி இரண்டே குறியீடு உள்ள சொல்லைத் தேட முடியாது.

பழையது ஒன்றும் அப்பழுக்கில்லாதது அல்ல. 'பொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. பழைய பதிப்புக்கு அது தெரியாது. வேறொரு விசைப்பலகை நிரலில் அடித்த சில நூறு குறிப்புகளை அது எனக்குக் காட்டியதே இல்லை என்பது இந்த ஆராய்ச்சியில்தான் தெரிந்தது. புதியது குறிகளையே தூக்கி எறிந்துவிடுவதால் அவற்றைக் கச்சிதமாகக் கண்டுபிடித்தது! இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பழைய குறிப்புகளிலிருந்து 25 சொற்களைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதினேன். 'ம்' என்று முடிபவை, உருபு ஏறியவை, ஆங்கிலச் சொல்லோடு ஒட்டியவை. இரண்டு பதிப்பிலும் ஓட்டினேன். புதியதில் 9 சரியாக வந்தன. 10 சொற்களுக்குச் சம்பந்தமில்லாத குறிப்புகளும் சேர்ந்து வந்தன. 6 சொற்களுக்கு ஒன்றுமே வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு குழுத்தலைவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி, வர்ற மாசம் தணிக்கை இருக்கே, அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டதிலும் தப்பு இல்லை.

கடைசியில் மாறிவிட்டேன். மாறுவதற்கு முந்தைய வாரம் பழையதிலிருந்து எல்லாக் குறிப்புகளையும் வெறும் உரைக்கோப்புகளாக வெளியே எடுத்தேன். படங்கள் போயின, நிறங்கள் போயின, தேதி மட்டும் தப்பியது. அந்தச் சாக்கில் ஒகரக் குறிகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். சாதாரண உரைத்திருத்தியில் அந்தக் கோப்புறை முழுவதையும் எழுத்தெழுத்தாகத் தேட இரண்டு வினாடிதான் ஆகிறது. பிறகு எதற்கு இந்தச் செயலி என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. கைப்பேசியில் எழுத வேண்டுமே, அதற்காக.

இப்போது எழுதுவது புதியதில், தேடுவது கோப்புறையில். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, புதிதாக எழுதியவற்றை வெளியே எடுத்துக் கோப்புறையில் சேர்க்கிறேன். குறிப்பின் தலையில் 'அங்கீகாரம்' என்று உருபு ஏறாத சொல்லைத் தனியாக எழுதிவைக்கும்படி பக்கத்து மேசைக்காரர் யோசனை சொன்னார். ஒரு வாரம் செய்து பார்த்தேன். யாருக்கோ விண்ணப்பம் எழுதுகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

செயலிக்காரர்களுக்கு அந்த 25 சொற்களையும், துண்டுகள் எப்படி உடைகின்றன என்ற விளக்கத்தையும் அனுப்பியிருந்தேன். கவனிக்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. நான்கு மாதம் கழித்து வந்த திருத்தத்தில் தாளை மறுபடி எடுத்து ஓட்டினேன். 'திட்டம்' என்றால் திட்டம் மட்டும் வருகிறது. பெட்டி வேறு, பூட்டு வேறு. 'அங்கீகார' என்று அடித்தேன். முடிவுகள் இல்லை.