கைப்பிடி அரிசியும் ஓலைக் கூரையும்: ஒரு கிராமச் சபை உருவாகும் வரிசை

மெஞ்ஞானபுரத்துக் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் 192 அடி. அதை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கேட்பது, "இதை யார் கட்டினது?" என்றுதான். ஜாண் தாமஸ் ஐயர் என்று பதில் வரும். இடையன்குடி என்றால் கால்டுவெல், டோனாவூர் என்றால் ரேனியஸ். மூவரும் மேலைநாட்டு மிஷனரிகள். பதில் சரிதான். ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமச் சபைகள் எதுவும் கட்டடத்தில் தொடங்கவில்லை. நிலம், பெயர்ப்பட்டியல், ஊரிலேயே இருந்து வேதம் கற்பிக்கிற உபதேசியார், பள்ளிக்கூடம், கைப்பிடி அரிசி, இவ்வளவும் முடிந்த பிறகுதான் கல்லும் சுண்ணாம்பும் வந்தன. இந்த வரிசை மாறிய இடங்களில் சபை தடுமாறியது. இன்றும் தடுமாறுகிறது.

பட்டியலிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1780ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். அச்சபையின் முன்னோடியான குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயில் 1785ல்தான் எழுந்தது. கோயிலுக்கு முன்பே ஏடு இருந்திருக்கிறது. யார் யார் சபையார் என்று எழுதிவைத்தால்தான் யாருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, யார் இன்னும் ஆயத்தத்தில் இருக்கிறார், யாருடைய கல்யாணத்துக்கு ஓலை (கோயிலில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கலாம் என்பதெல்லாம் தெரியும்.

பாளையங்கோட்டை படை இருந்த ஊர், அதன் கதை வேறு. பனங்காட்டுக் கிராமங்களின் கதை சாத்தான்குளம் பக்கத்தைச் சேர்ந்த சுந்தரம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் தாவீதாகி, சொந்த ஊருக்கே உபதேசியாராகத் திரும்பியதிலிருந்து தொடங்குகிறது. அப்போது அந்த வட்டாரத்தைக் கவனித்துவந்தவர், 1790ல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன். புதிதாக வேதத்தில் சேர்ந்த குடும்பங்களுக்கு வந்த முதல் நெருக்கடி இருப்பிடம். குடியிருந்த மனை அடுத்தவருடையது, ஏறின பனை அடுத்தவருடையது, தண்ணீர் இறைத்த கிணறும் அடுத்தவருடையது. மதம் மாறிய மறுநாள் இந்த மூன்றும் கேள்விக்குறியாகும். அதனால் 1799ல் தனியாக நிலம் வாங்கி 28 பேர் குடியேறினார்கள். கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர்.

இந்த முறை பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. சாயர்புரம் என்ற பெயர், நிலம் வாங்கிக் கொடுத்த சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயர். டோனாவூர் 1827ல் பணம் அனுப்பிய ஜெர்மன் பிரபு டோனாவின் பெயர். 1830ல் ரேனியஸ் காலத்தில் தொடங்கிய தர்ம சங்கம், நிலம் வாங்கி வீட்டுமனை ஒதுக்குவதையே முறையான வேலையாக எடுத்துச் செய்தது. இவ்வூர்களில் பலவற்றில் நேர் தெருக்களைப் பார்க்கலாம். அவை தானாக வளர்ந்த ஊர்களல்ல, அளந்து போட்ட ஊர்கள்.

நில விஷயத்தில் இன்றைக்குப் புதிதாகச் சபை தொடங்குகிறவர்கள் செய்யும் பிழை, அவசரத்துக்கு ஒரு தனி ஆளின் பெயரில் பத்திரம் போடுவது. அவர் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவர் காலமான பிறகு வாரிசுகள் பாகம் கேட்பார்கள், சட்டப்படி அவர்கள் பக்கமே நியாயம் நிற்கும். அதனால்தான் திருநெல்வேலியில் டி.டி.டி.ஏ. (திருநெல்வேலி டயோசீசன் டிரஸ்ட் அசோசியேஷன்) என்ற அறக்கட்டளை அமைப்பின் பெயரில் சொத்துக்கள் வைக்கப்பட்டன. கிராமத்துப் பள்ளிக்கூடங்களின் பலகையில் இன்றும் அந்த நான்கு எழுத்துகளைப் பார்க்கலாம். இரண்டாவது பிழை, வீடு கட்ட அனுமதி வாங்கி ஜெபக்கூடம் கட்டுவது. தமிழ்நாட்டில் பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். கூரை போட்ட பிறகு யாராவது மனுக் கொடுத்தால் வேலை பாதியில் நிற்கும், கொடுத்த காணிக்கையும் அதோடு முடங்கும்.

இன்னொன்றை எல்லாருமே மறப்பார்கள்: கல்லறைத் தோட்டம். சபையின் முதல் கல்யாணத்தை எப்படியும் பக்கத்து ஊர்க் கோயிலில் நடத்திக்கொள்ளலாம். முதல் சாவு அப்படி இல்லை. பொழுது சாய்வதற்குள் எங்கே அடக்கம் செய்வது என்று முடிவாக வேண்டும். சொந்தப் பட்டா நிலம் இருந்தாலும் உள்ளாட்சியின் அனுமதியில்லாமல் அதில் அடக்கம் செய்ய முடியாது. ஊர்ச் சுடுகாட்டில் மறுத்தால் சபை அன்றே இரண்டுபடும், பயந்து பின்வாங்கும் குடும்பங்களும் உண்டு. கோயிலுக்கு மனை தேடும்போதே கல்லறைக்கும் இடம் தேடுவதுதான் பழைய ஆட்களின் வழக்கம். அவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

அடுத்தது உபதேசியார். குருவானவர், நம் பக்கத்துப் பேச்சில் ஐயர், ஒரே சமயத்தில் பல ஊர்களைக் கவனிப்பவர். அந்த ஊர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் சேகரம். அவர் வருகிற ஞாயிற்றில் நற்கருணை, ஞானஸ்நானம், கல்யாணம். மற்ற நாளெல்லாம் சபையைத் தாங்குகிறவர் உபதேசியார். எழுத்தறியாத பனையேறிகளுக்குக் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் மூன்றையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஓலைக் குடிசை ஒன்றுதான் இருக்கும். பகலில் அது பள்ளிக்கூடம், இரவில் ஜெபக்கூடம், ஞாயிற்றில் கோயில். பிள்ளைகள் எழுத்துக் கற்க வந்தார்கள், பிள்ளைகள் பின்னால் தாய்மார் வந்தார்கள், ஆண்கள் கடைசியில் வந்தார்கள்.

ஆண்கள் கடைசியில் வந்ததற்குக் காரணம் பனை. ஒரு பனையேறி முப்பது, ஐம்பது மரங்களைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். பாளை ஒருநாள் சீவாமல் விட்டால் பதநீர் சுரப்பு குறையும், அதற்கு ஞாயிறு என்றும் திங்கள் என்றும் தெரியாது. இதைப் புரியாமல் ஆராதனை நேரம் வைத்தால் கோயிலில் பெண்களும் கிழவர்களும்தான் இருப்பார்கள். காலை ஏற்று முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரத்துக்கு இரண்டாம் மணி அடிக்க வேண்டும். முதல் மணி புறப்பட, இரண்டாம் மணி தொடங்க. வெண்கல மணி வாங்க வசதியில்லாத ஊரில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கினால் போதும், மணியடிக்கும் கோயில் ஊழியரான கோயில்பிள்ளை நேரம் தவறாதவராக இருந்தால் சரி.

இனி பணம். தொடக்கத்தில் உபதேசியார் சம்பளம் மிஷனிலிருந்து வந்தது. சபை தன்னைத்தானே தாங்க வேண்டும், ஆள வேண்டும், பரப்ப வேண்டும் என்று சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) செயலாளர் ஹென்றி வென் லண்டனில் இருந்துகொண்டு சொன்னார். கிராமத்தில் அதற்கு விடை சமையலறையில் இருந்தது. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி சுமார் 45 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு உலை என்றால் மாதத்துக்கு ஒரு வீட்டில் 2.7 கிலோ. நாற்பது வீட்டுக்கு 108 கிலோ. உபதேசியார் குடும்பம் சாப்பிட்டு மிச்சத்தை விற்கவும் போதும். தேரிக்காட்டில் நெல் ஏது என்று கேட்பீர்கள். அரிசி இல்லாத வீட்டில் கம்பு விழும், பருவத்தில் கருப்பட்டி வரும். அளவு குறைந்ததைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், பானை காலியாக வந்தால்தான் பேச்சு.

இந்த ஏற்பாட்டின் பலம், புருஷன் கையைப் பார்க்காமல் பெண்கள் கொடுத்தது. அது கெடுகிற இடமும் தெரிந்ததுதான். வாராவாரம் போய் எடுக்காமல் மாதம் ஒருமுறை எடுத்தால் பாதி வீட்டில் பானை திரும்பவும் உலைக்குப் போயிருக்கும். எடுத்ததைக் கூடியிருக்கிற இடத்தில் அளந்து எழுதாவிட்டால் இரண்டு மாதத்தில் சந்தேகம் கிளம்பும். அளக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர் என்று பிரித்துவைப்பதற்குக் காரணம் அதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை முதற்பலன் ஏலம். முருங்கைக்காய், வாழைத்தார், சேவல், முட்டை எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து, ஒரே முட்டை நாலைந்து முறை விலைபோவதும் உண்டு. கணக்கில் அது காணிக்கை, ஊர்க்கண்ணில் அது கௌரவம். ஏலத்தில் கேட்ட தொகையை அன்றே வாங்கிவிடுவது நல்லது. பாக்கி வைத்தால் அடுத்த ஏலம்வரை அது வராது, பாக்கிக்காரரும் கோயிலுக்கு வரமாட்டார்.

பெயர்ப்பட்டியலில் வளர்ச்சி எப்போதும் மெல்ல ஏறவில்லை, தாவித்தாவி ஏறியது. 1876 முதல் 1878 வரை பஞ்சம் அடித்தபோதும் அதை ஒட்டியும் ஊர் ஊராக வந்து சேர்ந்தார்கள். ஆயத்தக்காரர் பட்டியல் வீங்கியது, கற்பிக்க உபதேசியார்கள் போதவில்லை. மழை பெய்ததும் ஒரு பகுதி திரும்பிப் போனது. சோற்றுக்காக வந்தவர்கள் என்று அவர்களை எளிதாக ஒதுக்குகிறவர்கள், தங்கிவிட்டவர்களும் அதே வழியில்தான் வந்தார்கள் என்பதை மறக்கிறார்கள். சேருவது தனித்தனி ஆளாக இல்லாமல் சொந்தபந்தமாக நடந்ததால் சபையும் பெரும்பாலும் ஒரே சாதியின் சபையாக அமைந்தது. வேகமான வளர்ச்சிக்கு அதுவே காரணம். பக்கத்துத் தெருவுக்குள் அந்தச் சபை நுழையாமல் நின்றதற்கும் அதுவேதான் காரணம். இந்த இரண்டாவது பாதியை நூற்றாண்டு விழா மலர்கள் எழுதுவதில்லை.

பிரிவினையும் இதே மண்ணில் விளைந்தது. 1857ல் நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை தலைமையில் ஒரு கூட்டம் மிஷனை விட்டு விலகி இந்து கிறிஸ்தவ சபையை அமைத்தது. வெள்ளைக்காரர் அதிகாரம் வேண்டாம், ஓய்வுநாள் சனிக்கிழமை என்றார்கள். தங்கள் சாதியைப் பற்றி கால்டுவெல் எழுதியது உண்டாக்கிய காயமும் அதில் இருந்தது. இன்று சபை உடைவதற்குப் பெரும்பாலும் சேகர மன்றத் தேர்தல் போதும்.

கட்டடத்துக்கு இப்போது வரலாம். ஓலைக் கூரை மலிவு, ஆனால் அடிக்கடி மாற்றவேண்டும், ஒரு தீப்பொறி போதும். அடுத்த நிலை, வைரம் பாய்ந்த பனையில் அறுத்த கைமரம் போட்டு ஓடு வேய்வது. வெளிச்செதிளில் மட்டும்தான் பனைக்கு வைரம், உள்ளே சோறு. இளமரத்தை அறுத்துப் போட்டால் சில வருஷத்தில் கூரை தொய்யும். அதற்குப் பிறகே கல் கோயில். இடையன்குடிக்குக் கால்டுவெல் வந்தது 1841, கோயில் வேலை தொடங்கியது 1847, பிரதிஷ்டை 1880. முப்பத்து மூன்று வருஷம். அதற்கிடையே அந்தச் சபை ஆராதனை இல்லாமல் இருந்துவிடவில்லை.

பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் அசனம், அதாவது ஊர் விருந்து. ஆயிரம் பேருக்கு 130 கிலோ அரிசி, கிலோவுக்கு ஏழெட்டுப் பேர் கணக்கு. ஒரே அண்டாவில் நிறைய வடித்தால் அடி குழைந்து மேல் நறுக்கென்று நிற்கும், அதனால் பிரித்துப் பிரித்து வடிக்க வேண்டும். கடைசிப் பந்திக்குக் கறி இல்லை என்ற பேச்சு வந்தால் அது அடுத்த வருஷம்வரை ஓயாது.

இப்போது பல ஊர்களில் அசனத்துக்கு ஆயிரம் பேர், சாதாரண ஞாயிறு முப்பது பேர். சென்னை, மும்பை, வளைகுடா என்று போனவர்கள் அனுப்பும் பணத்தில் பழைய கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். தளம் போடுவதற்கு முன்னால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து வருஷத்து வரிகளை எண்ணினால், எத்தனை பேருக்கு இருக்கை வேண்டும் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த ஏடுகள் பெரும்பாலும் உடுப்பறை (ஐயர் அங்கி மாற்றும் அறை) அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். கரையான் முதலில் ஏறுவது அங்கேதான், மேல்தட்டுக்கு மாற்றி வையுங்கள்.